நுனிப்புல் மேய்தல்

"நுனிப்புல் மேய்தல்" என்பது நம் மொழியில் ஒரு வசை. ஒரு நூலையும் முற்றக் கல்லாது, இதில் ஓர் ஏடும் அதில் ஓர் ஏடுமாகப் புரட்டிவிட்டுக் கற்றேன் என்று சொல்லித் திரியும் மாணாக்கனை ஆசிரியர் இவ்வாறு கடிந்துகொள்வது வழக்கம். யானும் பன்முறை அவ்வசையைப் பெற்றவன். ஆயினும், இணையத்திலே பக்கம் பக்கமாகத் தாவிச் செல்லும் செயலுக்கு ஆங்கிலேயர் இட்டிருக்கும் பெயரை ஆராய்ந்தபோது எனக்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று. 'பிரௌஸ்' என்னும் அச்சொல்லின் பழம்பொருள், ஆடு மான் முதலியன செடிகொடிகளின் இளந்தளிரைக் கடித்துத் தின்னுதல் என்பதே. தளிர் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றினின்றும் அது பிறந்தது. புத்தகக் கடையில் நூல்களைப் புரட்டுதற்கும், இணையத்தில் உலாவுதற்கும் அது பின்னரே வந்து வழங்கலாயிற்று. எனவே மேய்தல் என்னும் உவமை இருமொழியார்க்கும் பொது. நமக்கு அது வசை, அவர்க்கு அது பொழுதுபோக்கு. அன்றியும், ஆடு வளர்த்தோர் ஒன்றறிவர்: ஆடு நுனிக்குழையையே நாடித் தின்னும், அதனால் அது இளைத்துப்போவதில்லை.

யான் மேய்ந்த காடு அகராதியாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி நூல்நிலையத்தில் ஓரடுக்கை நிரப்பிக்கொண்டிருக்கின்றது. ஆனால் விடுதியில் உறக்கம் வராத இரவில் நூல்நிலையத்திற்கு எங்ஙனம் போவது? அமெரிக்க நாட்டுச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் அப்பேரகராதியையும், பப்ரிசியஸ் ஐயர், வின்சிலோ ஐயர் என்போர் இயற்றிய பழைய அகராதிகளையும் இணையத்தில் யாவரும் காணும்படி வைத்திருக்கின்றனர். கைப்பேசியிலேயே காணலாம். ஒரு குறைமட்டும் உண்டு. அச்சுப் புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேடுவோன் அதன் அண்டைவீட்டுச் சொற்களையெல்லாம் வழியிற் சந்திப்பான். இணையத்திலோ கேட்ட சொல் ஒன்றே வந்து நிற்கும். ஆதலால் சொல்லின் முதல் இரண்டு மூன்று எழுத்துக்களைமட்டும் இட்டு, அவற்றில் தொடங்குவன எல்லாவற்றையும் வரவழைத்துக்கொள்வது என் வழக்கம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் செருக்குடையானை 'அகராதி பிடித்தவன்' என்பர். இவ்வசையும் இப்பொழுது எனக்குப் பொருந்திவிட்டது.

இங்ஙனம் ஓரிரவு 'புரிசை' என்னும் சொல்லைத் தேடப் புகுந்தேன். மதில் என்னும் பொருளுடைய அச்சொல் மறுநாட் பாடத்தில் வருவது. 'புரி' என்று தொடங்குவனவற்றைக் கேட்டபோது, புரிசைக்குச் சிறிது கீழே 'புரிமணை' என்றொரு சொல் நின்றது. பானை முதலியவற்றை அசையாமல் வைத்தற்கு வைக்கோல் முதலியவற்றாற் செய்த வளையம் என்பது அதன் பொருள். அதனைக் கண்டதும் யான் படுக்கையினின்றும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதன் காரணத்தைச் சொல்லவேண்டும்.

யான் பிறந்தது தாமிரபரணியின் கடைமடைப் பகுதியில் ஒரு சிற்றூர். என்னை வளர்த்தவர் என் ஆச்சி. சோறு வடித்தவுடன், "ஏலே, அந்தப் பிரிமணைய எடுத்தா" என்று அடுப்படியிலிருந்து அவர் கூப்பிடுவார். வைக்கோலை முறுக்கிச் சுற்றிய அவ்வளையத்தை யான் எடுத்துப்போட, அடிப்பாகம் உருண்ட பானை அதன்மேல் அசையாது அமரும். ஏழாம் வகுப்பிலே 'எங்கள் வீடு' என்று ஒரு கட்டுரை எழுதும்படி ஏவினர். "எங்கள் ஆச்சி சோற்றுப்பானையைப் பிரிமணையின்மேல் வைப்பார்" என்று எழுதினேன். திருத்தி வந்த ஏட்டில் அச்சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்திலே 'கொச்சை' என்னும் குறிப்பு. ஆசிரியர் அவ்வாக்கியத்தை வகுப்பிற் படித்துக்காட்டி, "பிரிமனை என்றால் பிரிந்த மனை, பிரிந்த வீட்டின்மேல் பானையை வைப்பதெப்படி?" என்று வினவினார். வகுப்பு முழுதும் நகைத்தது. யானும் உடன் நகைத்தேன். அதுவே இன்று எனக்கு உறுத்துகின்றது.

அன்று மாலையில் வீடு சேர்ந்ததும், "ஆச்சி, பிரிமணைங்கிறது தப்பாம், வளையம்னு சொல்லணுமாம்" என்று அவருக்கு யான் பாடம் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "படிச்சவங்க சொன்னா சரியாத்தாம்ல இருக்கும்" என்றார். அதன்பின் என் எதிரில் அவர் அச்சொல்லை வழங்கியதே இல்லை. "அந்த வளையத்த எடுத்தா" என்பார். யான் இல்லாதபோது அண்டைவீட்டாரிடம் பிரிமணை என்றே சொல்வதைப் பலகாற் கேட்டிருக்கின்றேன். யான் கல்லூரியில் முதலாண்டு பயிலும்போது அவர் காலமானார். புரிமணையை யான் கண்டது இரண்டாம் ஆண்டில்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். புரி என்பது முறுக்கியது. வைக்கோற்புரி, முப்புரிநூல் என்பவற்றில் இன்றும் உள்ளது. மணை என்பது தாழ்ந்த இருக்கை. அரிவாள்மணையில் அது எல்லார் வீட்டிலும் இருக்கின்றது. முறுக்கிய புரியாலாகிய பானையின் இருக்கை புரிமணை. உகரம் இகரமாகத் திரிந்து 'பிரி' ஆனதொன்றே ஆச்சியின் வாயில் நேர்ந்த மாறுதல். உழவர் யாவரும் 'வைக்கப்பிரி' என்றுதான் சொல்கின்றனர். ஆசிரியர் எழுதச்சொன்ன 'வளையம்' கைக்கும் பொருந்தும், காதுக்கும் பொருந்தும். பானைக்கென்று ஓர் ஆசனம் இட்ட அருமை அதில் இல்லை.

அடுப்படிச் சொல்லொன்று அறிஞர்தம் பேரகராதியில் இடம்பெற்றது எங்ஙனம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். நம் முன்னோர்க்குச் சொற்பொருள் உரைத்தவை நிகண்டுகள். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை செய்யுளால் ஆனவை, நெட்டுருச் செய்தற்குரியவை. செய்யுள் இயற்றுவோனுக்கும் செய்யுளைப் பொருள்கொள்வோனுக்கும் பயன்படவே அவை எழுந்தன. மலைக்கு எத்தனை பெயர், யானைக்கு எத்தனை பெயர் என்று அவை சொல்லும். புலவன் எவன் பிரிமணையைப் பாடப்போகின்றான்? சிதம்பர ரேவண சித்தர் 1594-ஆம் ஆண்டில் சொற்களை முதலெழுத்து முறையில் அடுக்கி அகராதி நிகண்டு இயற்றினார். அகரம் ஆதியாக அடுக்கியது என்னும் பொருளுடைய 'அகராதி' என்னும் பெயர் அதில் அமைந்திருக்கின்றது. அதுவும் செய்யுளே.

பின்பு வேற்றுநாட்டார் வந்தனர். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிற் கரையிறங்கிய சீகன்பால்க் ஐயர், திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதிப் பயின்றார் என்பர். அவர் வழக்குச் சொற்களுக்கு ஒன்றும் செய்யுட் சொற்களுக்கு ஒன்றுமாக இருவேறு தொகுதிகள் சேர்த்தார். இத்தாலி நாட்டினராகிய வீரமாமுனிவர் 1732-இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாகச் சதுரகராதியை இயற்றினார். முதலெழுத்தோடு நில்லாது அடுத்தடுத்த எழுத்துக்களையும் நோக்கிச் சொற்களை அடுக்கிய முறை நிலைபெற்றது அதனாலேயே. செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் செய்த அவரே மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அதனை 1738-இல் அச்சிட்டவர் யாரெனில், அவர் தம் நூல்களிற் கடுமையாக மறுத்துவந்த தரங்கம்பாடி லுத்தேரன் சங்கத்தார்! சமயத்திலே பகை, இலக்கணத்திலே உறவு. இதனை முதலிற் படித்தபோது யான் வாய்விட்டு நகைத்தேன்.

வேப்பேரியிலிருந்த பப்ரிசியஸ் ஐயர் 1779-இல் தமிழுக்கு ஆங்கிலத்திற் பொருளுரைக்கும் அகராதியை அச்சிட்டார். சொற்களோடு சொற்றொடர்களையும் அவர் சேர்த்தார். ராட்லர் ஐயர் தொடங்கிய அகராதி அவர் 1836-இல் இறந்தபின் பிறரால் முடிவுற்றது. யாழ்ப்பாணத்தில் 1842-இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியில் 58,500 சொற்கள். 1862-இல் வெளிவந்த வின்சிலோ அகராதியில் 67,452 சொற்கள். பின்பு 1913-இல் சாண்ட்லர் ஐயரைத் தலைவராகக்கொண்டு தொடங்கிய பேரகராதிப் பணி, வையாபுரிப்பிள்ளை அவர்கள் தலைமையில் 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவெய்தியது. அதில் 1,04,405 சொற்கள். 1939-இல் முடிந்த அனுபந்தத்தில் 13,357.

இவ்வரலாற்றை நம் தமிழ் வகுப்பிலே யாவரும் கற்கின்றோம். எனக்குப் புதிதாகத் தோன்றியது வேறொன்று. அயல்நாட்டிலிருந்து வந்தவனுக்குப் பானையை எங்கே வைப்பதென்று கேட்கவும் ஒரு சொல் வேண்டும். எது செந்தமிழ், எது கொச்சை என்று அவனுக்கு இயல்பாய்த் தெரியாது. சமையற்காரன் சொன்னதும் சொல், புலவர் சொன்னதும் சொல். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அவனுடைய அறியாமையே நமக்கு ஊதியமாயிற்று. நம்மவர் நாணி விலக்கிய சொற்கள் அவன் குறிப்பேட்டில் ஏறின. இதனை அயலாரின் பெருமையாகமட்டும் கொள்ளலாகாது. சொல்லைக் கொடுத்தவர் பெயர்கள் எந்த முன்னுரையிலும் இல்லை. அவர்கள் ஆச்சிமார்களும் சமையற்காரரும் படகோட்டிகளுமாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

அன்றுமுதல், கொச்சையென்று யான் எண்ணியிருந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலானேன். விடுதியில் வடமாவட்டத்து நண்பர்கள் எங்களைப் பரிகசிப்பது 'பைய' என்னும் சொல்லுக்காக. "பையப் போ" என்றால் பையை எடுத்துக்கொண்டு போவதோ என்பர். மெல்ல என்னும் பொருளில் இச்சொல் திருக்குறளில் 1098-ஆம் குறளில் நிற்கின்றது. அங்கே ஒரு பெண் மெல்ல நகைக்கின்றாள். மலையாளத்தாரும் இதனைக் கைவிடவில்லை. இதனை எடுத்துக்காட்டிய பின்னரும் நண்பர்கள் நகைக்கின்றனர். ஆயினும் சற்றுப் பைய நகைக்கின்றனர்.

'ஏனம்' என்னும் சொல் இன்னும் வேடிக்கையானது. எங்களூரில் பாத்திரபண்டங்களுக்கு அதுவே பெயர். அகராதியிலும் அப்பொருள் உண்டு. ஆனால் அதற்கு முன்னே வேறொரு பொருள் நிற்கின்றது: பன்றி. பக்திப் பாடல்களில் ஏனம் என்றால் காட்டுப்பன்றியே. சாப்பாடு முடிந்தவுடன் எங்கள் வீட்டுப் பெண்டிர் 'ஏனம் கழுவ'ப் போவதை ஒரு புலவர் கேட்டிருந்தால் என்ன எண்ணியிருப்பாரோ!

சோற்றுக்குத் துணையாக வைக்கும் கறிவகைகளை ஆச்சி 'வெஞ்சணம்' என்பார். இது தமிழன்று, வியஞ்சனம் என்னும் வடசொல்லின் சிதைவு. வடமொழி இலக்கணத்தார் மெய்யெழுத்துக்கும் வியஞ்சனம் என்றே பெயரிட்டிருக்கின்றனர். உயிரெழுத்துச் சோறு, மெய்யெழுத்துக் கறி என்று யான் மனத்தில் அமைத்துக்கொண்டேன். இலக்கண ஆசிரியர்கள் மன்னிப்பாராக.

விளக்குமாற்றுக்கும் விளக்குக்கும் என்ன உறவு என்று சிறுவயதில் யான் கேட்டதுண்டு. பல்விளக்குதல், பாத்திரம் விளக்குதல் என்பவற்றிலுள்ள விளக்குதலே அது. தூய்மையாக்குதல் என்று பொருள். மாறு என்பது குச்சி. பருத்திச்செடியின் காய்ந்த தண்டைக் கரிசல்நாட்டார் பருத்திமாறு என்பர். தூய்மை செய்யும் குச்சித்தொகுதி விளக்குமாறு. கதவின் பின்னே தலைகீழாக நிற்கும் அப்பொருளுக்கு எவ்வளவு ஒழுங்கான பெயர்!

இவ்வாறே, இஸ்லாமியத் தோழர் ஒருவர் வீட்டிற் குழம்பை 'ஆணம்' என்று சொல்லக் கேட்டு அரபுச் சொல்லோ என்று மயங்கினேன். அகராதி அதனைக் குழம்பு என்று தமிழாகவே தருகின்றது. யாழ்ப்பாணத்தார் 'பறைதல்' என்று பேசுதலைச் சொல்வது குமரிமாவட்டத்திலும் மலையாளத்திலும் அப்படியே உள்ளது. பழைய பாடல்களிலும் உள்ளது. எல்லையில் வாழ்பவரே பழையதைக் காக்கின்றனர் என்று மொழிநூலார் கூறுவதற்கு இவை நல்ல சான்று.

ஆனால் எல்லாம் பழமையென்று மகிழ்ந்துவிடலாகாது. பழைய பொருள் முற்றும் போய்ப் புதுப்பொருள் ஏறிய சொற்களும் உண்டு. தினைப்புனம் காப்போர் யானையை வெருட்டக் கையிலேந்திய எரிகொள்ளிக்குச் சங்க நூல்கள் 'ஞெகிழி' என்று பெயரிடுகின்றன. இன்று நாம் 'பிளாஸ்டிக்' என்பதற்கு 'நெகிழி' என்கின்றோம்; வளைந்துகொடுக்கும் இயல்பால் நெகிழ் என்னும் வினையினின்றும் ஆக்கிக்கொண்டது. ஞெகிழ்தலும் நெகிழ்தலும் ஒரே சொல்லின் இரு வடிவம். எங்கள் தெருமுனையிற் குப்பையைக் கொளுத்தும் நாட்களில் நெகிழியும் ஞெகிழியும் ஒன்றாகிவிடுகின்றன, யானைமட்டும் இல்லை.

ஓரெழுத்துச் சொற்களை நன்னூலார் 42 என்று கணக்கிட்டதை மனப்பாடம் செய்திருக்கின்றோம். ஆ பசு, ஈ கொசுவின் உறவு, கா சோலை, சோ மதில் என்று ஒப்பித்திருக்கின்றோம். 'ஓ' என்பதற்கு மதகிலே நீரைத் தாங்கும் பலகை என்று ஒரு பொருள் உண்டு. ஓர் இரவெல்லாம் இதனை நினைத்துக்கொண்டிருந்தேன். கடைமடையில் வளர்ந்தவன் யான். தண்ணீருக்காக மதகடியில் இரவில் விளக்கோடு காத்திருக்கும் உழவர்களைக் கண்டவன். அவர்கள் அப்பலகையை இப்பொழுது 'ஷட்டர்' என்கின்றனர். ஓரெழுத்தில் முடிந்த வேலைக்கு ஆங்கிலச் சொல்லொன்றைக் கடன்வாங்கியிருக்கின்றோம். ஆனால் உழவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. அச்சொல்லை ஓலைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டவர் கற்றவரே.

சிறு கணக்குகளின் பெயரும் எனக்கு இன்பம் தந்தன. இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. முந்திரியை மீண்டும் முந்நூற்றிருபதாகப் பகுத்தால் கீழ்முந்திரி. அஃதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. அதற்குங் கீழே இம்மி. "இம்மியும் விடமாட்டான்" என்று சொல்லும்போது நாம் எத்துணை நுண்ணிய கணக்கைப் பேசுகின்றோம் என்பதை அறியோம். தசமபின்னம் வந்தபின் இக்குறிகளை எழுதுவார் அருகினர். ஆனால் 2019-ஆம் ஆண்டில், உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் கணினியில் எண் வகுக்கும் ஒருங்குறி அமைப்பிலே தமிழுக்கென்று 51 குறிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. பின்னக்குறிகளும், பழைய கணக்கேடுகளில் வரும் அடையாளங்களும் அவற்றில் அடங்கும். முந்திரிக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்தது. திண்ணைப்பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த சிறுவர்கள் இதனைக் கேட்டால் நம்பமாட்டார்கள்.

இன்னும் ஒன்று. அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் ஒருவர்க்கொருவர் 'ஓரகத்தி' முறை. ஓர் அகத்தில் வந்து புகுந்தவர் என்று சொல்லே விளக்குகின்றது. ஆங்கிலத்தில் இதற்குத் தனிச்சொல் இல்லை. நமக்கோ ஓர்ப்படியாள் என்று இரண்டாவது சொல்லும் இருக்கின்றது. ஓரகத்திமார் தம்முட் பேசாதிருக்கும் வீடுகளில் இரண்டும் பயன்படுவதில்லை.

இதுவரை மகிழ்ச்சியையே சொல்லிவந்தேன். அகராதியில் மேய்பவனை வருந்தச்செய்யும் இடமொன்று உண்டு. ஒரு சொல்லை ஆவலோடு திறந்தால், 'ஒருவகைச் செடி', 'மரவகை', 'விளையாட்டுவகை', 'மீன்வகை' என்னும் இரண்டு சொற்களோடு விளக்கம் முடிந்துவிடும். பெயர் பிழைத்தது, பொருள் தப்பிப்போயிற்று. அவ்விளையாட்டை எத்தனை பேர் ஆடினர், எதைக்கொண்டு ஆடினர், தோற்றவர்க்கு என்ன தண்டனை என்பவற்றை எங்கே போய்க் கேட்பது?

ஓரிரவு 'மீன்வகை' என்னும் விளக்கமுடைய சொற்களைத் திரட்டிக்கொண்டு, கடற்கரையூரினராகிய என் விடுதித் தோழரிடம் சென்றேன். அவர் பௌதிகம் பயில்பவர். தமிழ்ப் பாடத்திற்கு அஞ்சுபவர். காரல் என்றேன். சிறிது, வெள்ளிபோல் மின்னும், முள் மிகுதி என்றார். சூடை, நெத்திலி, பாரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எது எந்தக் காற்றில் கரையணையும், எதனை எந்தக் கண்ணளவுள்ள வலையிற் பிடிப்பர், எதனைக் கருவாடாக்குவர் என்று நிறுத்தாது சொன்னார். பால்சுறாவைப் பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டாகச் சமைத்துக் கொடுப்பராம். "இது புத்தகத்தில் இல்லையா?" என்று அவர் வியந்தார். பின்பு அவரே என்னிடம், "ஓங்கல் என்றால் என்ன, சொல்லும் பார்ப்போம்" என்றார். மலை, மூங்கில் என்று நிகண்டு பயின்றவன் போல் விடையிறுத்தேன். அவர் ஊரில் ஓங்கல் என்பது நீருக்குமேல் துள்ளி எழுந்து படகோடு ஓடிவரும் டால்பினாம். ஓங்கி நிற்பதால் மலை. ஓங்கி வளர்வதால் மூங்கில். ஓங்கி எழுவதால் அக்கடலுயிர். மூன்றும் ஒரு வினையின் பிள்ளைகள். தமிழ்ச் சிறப்புவகுப்பு மாணாக்கனாகிய யான் இரண்டறிந்தேன். பௌதிக மாணாக்கராகிய அவர் மூன்றாவதை அறிந்திருந்தார். "இதெல்லாம் தேர்விலே எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?" என்று கேட்டார். யான் ஏழாம் வகுப்புக் கட்டுரையை நினைத்துக்கொண்டேன்.

இக்குறையைப் போக்க முயன்றோர் இல்லாமலில்லை. கி. ராஜநாராயணன் அவர்கள் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார்கள். பிறகு வேறு வட்டாரங்களுக்கும் அத்தகைய தொகுதிகள் எழுந்தன. ஆயினும், நம் கல்லூரி விடுதியின் ஒரு தாழ்வாரத்தில் மட்டும் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும், அகராதி 'ஒருவகை' என்று கைவிட்ட சொற்களின் பொருளை அறிந்த ஒருவர் படுத்துறங்குகின்றார். அவ்வறிவைத் தேர்வுக்கு உதவாததென்று அவரே மறந்துகொண்டிருக்கின்றார்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது ஆச்சியின் தங்கையாகிய சின்ன ஆச்சியைக் காணச் சென்றேன். புரிமணை என்னும் சொல் அகராதியில் இருக்கின்றதென்று கைப்பேசியிற் காட்டினேன். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். நெடுநேரம் பார்த்துவிட்டு, "புரிமணையா? நாங்க பிரிமணைன்னுல்லா சொல்லுவோம்" என்றார். எனக்கு ஒன்று செய்துதரும்படி வேண்டினேன். வைக்கோல் இல்லை என்றார். வயல் முழுதும் வைக்கோல் கிடக்கின்றதே என்றேன். இயந்திரம் அறுத்துக் கக்கும் வைக்கோல் நசுங்கித் துண்டுதுண்டாய் விழுகின்றது. அதனை முறுக்கினால் புரி நிற்காது. கையரிவாளால் அடியோடு அறுத்த நீண்ட தாள் வேண்டும். இப்பொழுது அப்படி அறுப்பார் இல்லை என்று விளக்கினார். இதனை எந்த அகராதியும் எனக்குச் சொன்னதில்லை.

சிறிதுநேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போய் வாழைச்சருகு ஒரு கை கொண்டுவந்தார். தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, கால் பெருவிரலிடையே ஒருமுனையை இடுக்கிக்கொண்டு முறுக்கத் தொடங்கினார். "சருகில் செய்தால் அதற்கும் பிரிமணை என்றுதான் பெயரா?" என்று கேட்டேன்.

"வைக்கோலுன்னா என்ன, சருகுன்னா என்னய்யா? முறுக்குனா பிரிதான்" என்றார். யான் குறிப்பேட்டை எடுத்து, சருகுக்கு எத்தனை முறுக்கு, எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்டேன்.